எண்ணி முடிக்கும்வரை

மோட்டாருக்குக் காயில், அதாவது கம்பிச்சுருள், சுற்றும்போது யாரும் பேசக் கூடாது. எங்கள் அப்பா வைத்த விதி இது. கடை என்றால் தனியாக ஒன்றும் இல்லை. வீட்டின் முன்னறைதான் கடை. எரிந்துபோன மோட்டார்கள் அங்கே வரும். கருகிய கம்பியை உரித்து எடுத்துவிட்டுப் புதுச் செம்புக் கம்பியைச் சுற்றிக் கட்டித் தருவோம். ஒரு கையால் மரச்சட்டத்தின் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும், மறு கை விரல்களுக்கு நடுவே கம்பி ஓட வேண்டும், வாய்க்குள் எண்ணிக்கை நடக்க வேண்டும். எண்ணி முடித்து முடிச்சுப் போட்டபின் சுற்றுகிறவர் நிமிர்ந்து எண்ணைச் சத்தமாகச் சொல்வார். "நூத்தி எண்பது." அதன்பிறகுதான் வந்தவர் வாயைத் திறக்கலாம். வாடிக்கையாளர்களுக்கும் இது பழக்கம். வாசலில் மோட்டாரைத் தோளில் வைத்துக்கொண்டு எண்ணுக்காக நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்பா ஒரே ஒரு முறைதான் எண்ணிக்கை தவறினார். மாவு மில் மோட்டார் அது. பாதியில் ஒரு குரல் கூப்பிட்டது, திரும்பினார், விட்ட இடம் மறந்துபோனது. நூற்று இருபதுக்குப் பதில் நூற்று நாற்பதிலிருந்து தொடர்ந்துவிட்டார். ஒன்பதாம் நாள் மோட்டார் புகைந்தது. மில்காரர் சண்டைக்கு வரவில்லை. கருகிய மோட்டாரைக் கைவண்டியில் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். மூன்று நாள் அது அங்கேயே கிடந்தது. போகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள், எங்கள் முகத்தைப் பார்க்காமல். நான்காம் நாள் அப்பா வாசல் மணியைக் கழற்றி வீசினார். விதி அன்றைக்கு வந்தது.

அன்று கூப்பிட்டது நான்தான். எனக்கு ஏழு வயது.

நான் அந்தத் தொழிலுக்குப் போகவில்லை. அரசு அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவன். கடை தம்பிக்கு வந்தது. என் வீடு எதிர் வரிசையில். ஆனாலும் அந்த வீட்டில் எதுவானாலும் "அண்ணனைக் கேட்டுக்கலாம்" என்றுதான் தம்பி சொல்வான். கேட்பான்.

தம்பிக்குக் கண் மங்கிவிட்டது. அவன் மகனை எல்லோரும் மீட்டர் என்று கூப்பிடுவார்கள். பதினைந்து வயதிலிருந்து கரண்டு பார்க்கும் மீட்டரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறவன். மோட்டாரைக் கழற்றுவது, பூட்டுவது, கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் அவன். சுற்றுகிற வேலை அவன் மனைவி, எங்கள் மருமகளுடையது. வந்த இரண்டாம் வருடமே கற்றுக்கொண்டாள். எங்கள் அப்பாவுக்குப் பிறகு அப்படி ஒரு கை அந்த வீட்டுக்கு அவளால்தான் வந்தது. கம்பி மேல் கம்பி ஏறாது. சீப்பால் வாரியது போல் இருக்கும். அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்து உட்காருவாள். ஒரு காயில் முடிந்ததும் போய் வடித்துவிட்டு வந்து அடுத்ததைத் தொடங்குவாள். வார்னிஷ் வாசனையும் சோற்று வாசனையும் ஒன்றாகத்தான் அந்த வீட்டில் வரும்.

அவர்களுக்கு ஒரே பெண். பாப்பா. மூன்று வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. நிலைப்படியில் உட்கார்ந்து அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருக்கும். யாராவது வந்தால் ஆள்காட்டி விரலை உதட்டின் மேல் வைக்கும். நடக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே அதைக் கற்றுக்கொண்டது. வந்தவர்கள் சிரிப்பார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மருத்துவரிடம் காட்டிவிட்டு வந்த அன்று மீட்டர் என் வீட்டுக்கு வந்தான்.

"காது நல்லாத்தான் கேக்குதாம் பெரியப்பா. நாக்குலயும் கோளாறு இல்லையாம்."

"பின்ன என்னவாம்?"

"வீட்டுல யாரும் பேசுறதில்லையான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"வேலை நேரத்துல பேசுறதில்லைன்னேன். வேலை நேரம் எதுன்னாரு. காலைல எட்டுலருந்து ராத்திரி எட்டுன்னேன். பாப்பா எப்பத் தூங்கும்னாரு."

"நீ?"

"எட்டு மணிக்குன்னேன்."

கழுத்து மீட்டரைப் பிடித்தபடியே படியிறங்கிப் போனான்.

மருமகள் அழவில்லை, யாரையும் குறை சொல்லவில்லை. அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்த தையல் மெஷின் ஒன்று பின்கட்டில் இருந்தது. மறுநாள் அதன் தலையைக் கழற்றிக் கீழே வைத்தாள். காலால் மிதிக்கிற சக்கரத்தோடு காயில் சட்டத்தை இணைத்துப் பார்த்தாள். சட்டம் சுழன்றது. ஆனால் எண்ணுவது வாய்தானே? வாயை விடுவிக்க வேண்டும். அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

எண்ணுகிற பல்சக்கரம் கடையில் கிடைக்கும். அப்பா அதை நம்பமாட்டார். "பல்லு தேஞ்சா பொய் சொல்லும்" என்பார். தம்பியும் வேண்டாம் என்றான். அவளும் அதைக் கேட்கவில்லை. பாப்பா ஒருநாள் பழைய கால்குலேட்டரை வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. எதையெதையோ அழுத்திவிட்டுச் சமக்குறியை மட்டும் திரும்பத் திரும்ப அழுத்தியது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் எண் ஒன்று கூடிக்கொண்டே போனது. மருமகள் சுற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். பாதிக் காயிலில் அவள் நிறுத்தியது அன்றுதான். கதவு அலாரத்தில் வரும் காந்த சுவிட்ச் ஒன்றை மீட்டரிடம் கேட்டு வாங்கி, அந்தச் சமக்குறி பொத்தானின் அடியில் கம்பி இழுத்து இணைத்தாள். சக்கரத்தில் ஒரு சிறு காந்தம். சக்கரம் ஒரு சுற்று வந்தால் கால்குலேட்டரில் ஒன்று ஏறும்.

அடுத்தது, கம்பி தானாக வரிசையாக விழ வேண்டும். அதற்கு இரண்டு மாதம் ஆனது. சைக்கிள் சங்கிலி வைத்துப் பார்த்தாள், குதித்தது. கயிறு கட்டிப் பார்த்தாள், தொய்ந்தது. இன்சுலேஷன் பேப்பர் ஒட்டுகிற பசைக் குச்சியைத் திருகிக்கொண்டே ஒருநாள் யோசனையில் இருந்திருக்கிறாள். அடியைத் திருகத் திருகப் பசை மெல்ல மேலே ஏறுகிறதல்லவா? அந்தப் பசைக் குச்சியோடு இரண்டு தெரு தள்ளியிருக்கும் லேத் கடைக்குப் போய் நின்றாள்.

லேத் கடைக்காரர் அதை என்னிடம் வந்து சொன்னார். வாய் நீளமான மனிதர்.

"ஐயா, உங்க வீட்டு மருமக பசை டப்பாவைக் கொண்டாந்து இதே மாதிரி மரை போட்ட கம்பி வேணும்னுச்சு. ஒரு சுத்துக்குக் கம்பியோட தடிமன் அளவுதான் நகரணுமாம். அளவு கேட்டேன். புள்ளிக்குப் பின்னால மூணு தானம் வரைக்கும் சொல்லுது. உங்க தம்பி மகன் என்கிட்ட அளவு சொன்னா கையை விரிச்சுக் காட்டுவான்."

"அவன் வேலை வேற, இவ வேலை வேற."

"அது சரி. அவன் பொண்ணு பாக்கப் போனப்பவே கழுத்துல மீட்டரோடதான் போனான். கரண்டு அந்தப் பக்கம் இருக்குன்னு அப்பவே பாத்திருக்கான், பரவாயில்ல."

கடைசியில் ஒன்று மிச்சம் இருந்தது. கம்பியைப் பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும். இறுக்கினால் மேல்பூச்சு உரியும். தளர்ந்தால் காயில் தொளதொளக்கும். துணி, மரம், தோல் என்று எல்லாம் வைத்துப் பார்த்தாள். மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரம், துணி காயாமல் வீடு முழுக்கக் கொடி கட்டியிருந்தது. பாப்பாவின் காலுக்குச் சிறிதாகிவிட்ட சிவப்பு ரப்பர் செருப்பு ஒன்று மூலையில் கிடந்தது. அதில் இரண்டு துண்டு வெட்டி, நடுவே கம்பியை விட்டாள். ஓடியது. கீறல் இல்லை, தொய்வு இல்லை.

தம்பி என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணே, அப்பா வாயால எண்ணச் சொன்னாரு. இது என்னமோ தானா எண்ணுது. நீங்க பாத்துச் சொல்லுங்க."

ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தேன். மெஷின் சுற்றச் சுற்ற நானும் வாய்க்குள் எண்ணினேன். இருபது காயில். ஒரு சுற்றுக்கூடப் பிசகவில்லை. பதினோராவது காயிலில் ஒன்று குறைந்தது போல் இருந்தது. மருமகள் அதைப் பிரித்து எண்ணிக் காட்டினாள். பிசகியது என் எண்ணிக்கை.

"அப்பா இருந்தா ஒத்துக்கிட்டிருப்பாரு," என்றேன். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை நான் மறுக்கமாட்டேன்.

அதன்பிறகு அந்த முன்னறையில் பேச்சு வந்தது. கால் மிதித்துக்கொண்டிருக்கும், வாய் பாப்பாவோடு பேசிக்கொண்டிருக்கும். "பாரு, கம்பி ஓடுது. எங்க ஓடுது? ஊர் சுத்தப் போகுதா? யாரைக் கேட்டுப் போகுது?" அர்த்தமில்லாத பேச்சுத்தான். மூன்று வருடத்துப் பேச்சையும் சேர்த்துப் பேசினாள். முதலில் பாப்பா "சுத்து" என்றது. பிறகு "அம்மா, சுத்து." மூன்றாம் மாதம் நான் உள்ளே நுழைகிறேன், நிலைப்படியிலிருந்து என்னை அதட்டுகிறது:

"பெரிய தாத்தா, செருப்போட உள்ள வராத!"

என்னை அந்தத் தெருவில் யாரும் அதட்டியதில்லை. திரும்பிப் போய்க் கழற்றிவிட்டு வந்தேன். மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மெஷின் அதுபாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தது.

அந்த ஆண்டு சிறுதொழில் கண்காட்சி வந்தது. லேத் கடைக்காரர்தான் விண்ணப்பத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். 'வடிவமைத்தவர் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. தம்பி பேனாவை என்னிடம் கொடுத்தான். நான் மீட்டரின் பெயரை எழுதினேன்.

யோசிக்காமல் எழுதவில்லை. அந்தக் கடை மூன்று தலைமுறையாக அந்த வீட்டு ஆண்களின் பெயரில் நடப்பது. கடையின் பிள்ளை சும்மா நிற்க, வந்த பெண் செய்தாள் என்றால் ஊர் என்ன சொல்லும்? அவளைச் சொல்லாது. அவனைச் சொல்லும், தம்பியைச் சொல்லும், அப்பாவரைக்கும் போகும். அவளைக் கூப்பிட்டுச் சொல்லியும் விட்டேன்.

"பேரு எதுவா இருந்தா என்னம்மா, ஒரே வீடுதானே."

"யார் பேரு வேணாலும் போடுங்க பெரிய மாமா. கண்காட்சி முடிஞ்சதும் மெஷின் வீட்டுக்கு வந்துடணும். அது போதும்."

"வராம எங்க போகும்?" என்றேன்.

பெரிய மண்டபம், மேடை, விரித்த துணி, ஒலிபெருக்கி. மெஷினைத் துடைத்து மேசைமேல் வைத்தபோதுதான் அந்தச் சிவப்புத் துண்டுகள் என் கண்ணில் பட்டன.

"என்னடா இது?"

"பாப்பா செருப்பு பெரியப்பா. கம்பி பிடிக்கறதுக்கு வெச்சிருக்கா."

"நாலு பெரிய மனுஷன் தொட்டுப் பாக்கற இடத்துல செருப்பா? எடுத்துட்டு வேற வை."

பக்கத்துக் கடையில் வாங்கிய எவர்சில்வர் பட்டை இரண்டை வைத்து மீட்டர் பூட்டினான். பளபளவென்று இருந்தது. செருப்புத் துண்டுகளை நானே குப்பைத் தொட்டியில் போட்டேன்.

மேடையில் மீட்டர் ஐம்பது சுற்றுச் சுற்றிக் காட்டினான். கைதட்டினார்கள். முதல் பரிசு, ஒரு கேடயம். பம்பு கம்பெனி மேலாளர் ஒருவர் மேடைக்கே வந்துவிட்டார். வீட்டிலிருந்து காயில் சுற்றித் தரும் பெண்களுக்கு இதைப் போல் செய்து கொடுக்கப் போவதாகச் சொன்னார். மெஷினை அப்படியே எடுத்துப் போகலாமா என்று ஒலிபெருக்கியில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். மீட்டர் என்னைப் பார்த்தான். மண்டபமே என்னைப் பார்த்தது.

"எடுத்துக்குங்க. எங்க வீட்டு வார்த்தை," என்றேன்.

மீட்டர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டான். இனி அதேபோல் ஒன்றை நாங்கள் செய்வதோ பயன்படுத்துவதோ இல்லை என்றும் அதில் இருந்தது. கீழே இறங்கும்போது லேத் கடைக்காரர் நின்றிருந்தார்.

"அந்த மரைக்கம்பிக்கு எத்தனை மரைன்னு உங்க பிள்ளைகிட்டக் கேட்டேன் ஐயா. கேடயத்தைப் பாத்துச் சொல்றேன்னான்."

நான் வண்டியை நோக்கி நடந்தேன்.

வீட்டில் மருமகள் வாசலைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், எங்கள் கைகளைப் பார்த்தாள்.

"மெஷின் எங்க?"

தம்பி கேடயத்தை ஆணியில் மாட்டப் போனான். மீட்டர் குனிந்துகொண்டான். நான்தான் சொன்னேன்.

"வாக்குக் கொடுத்தாச்சும்மா. நம்ம வீட்டுக்குப் பெருமைதானே."

"இன்னொண்ணு செஞ்சுக்கவா?"

"கையெழுத்துப் போட்டாச்சு."

"எனக்குத் தந்த வாக்கு?"

"அது வீட்டுக்குள்ள பேசுனதும்மா. இது சபையில குடுத்தது."

ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து அப்பாவின் மரச்சட்டத்தை இறக்கினாள். தூசி தட்டினாள். பரிசு வாங்கிய கடை என்று மறுவாரமே மோட்டார்கள் இரண்டு மடங்காக வந்து குவிந்தன. "அம்மா, கம்பி எங்க ஓடுது?" என்று ஓடி வந்த குழந்தையை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் உதடு அறுபத்து நான்கு, அறுபத்தைந்து என்று அசைந்துகொண்டிருந்தது. பாப்பா இரண்டு முறை கேட்டது. மூன்றாம் முறை கேட்கவில்லை.

ஆறு வாரம் கழித்துக் கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. மெஷின் சுற்றிய காயில்கள் எல்லாம் எரிகின்றனவாம். கம்பியின் மேல்பூச்சு கீறிப்போகிறதாம். செய்தவரைக் கூப்பிட்டுக் கேட்டால் கழுத்து மீட்டரை வைத்துப் பார்க்கிறாராம்.

"திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணித் தரலைன்னா உங்க மெஷினை உங்க வாசல்லயே இறக்கிட்டுப் போயிடறோம்," என்றான் வந்தவன்.

வாசலில். தம்பி என்னைப் பார்த்தான். எங்கள் இருவருக்கும் அந்தக் கருகிய மோட்டார் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது.

மீட்டர் உள்ளே போய் அவளிடம் கேட்டான். அவள் சொன்னது வெளியே எங்களுக்கும் கேட்டது.

"செஞ்சவர் பேரு கேடயத்துல இருக்கு. அவர்கிட்டக் கேளுங்க."

"நான்தான்டி கேக்கறேன்."

"அப்ப உங்களையே கேட்டுக்கங்க. யாரும் சத்தம் போடமாட்டாங்க. நல்லா நிதானமாக் கேளுங்க."

"பெரியப்பா, நீங்க சொன்னாக் கேப்பா," என்றான் வெளியே வந்து.

மறுநாள் நடுப்பகலில் போனேன். வெயில் தகரக் கூரையில் இறங்கி வார்னிஷ் உருகும் நேரம். அவள் சுற்றிக்கொண்டிருந்தாள். நிலைப்படியில் நின்றேன். என்ன சொல்வது என்று வரிசைப்படுத்திக்கொண்டேன். குடும்பம், வாக்கு, அப்பா. அப்போதுதான் அவள் இடக்கை விரல்களைப் பார்த்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சிவப்பாக ஒன்று இருந்தது. அந்தச் சோடியின் இன்னொரு செருப்பு. அதில் வெட்டிய ஒரு துண்டு. கம்பி அதன் வழியே கீறல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடியது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் எதைக் குப்பையில் போட்டேன் என்பதும் விளங்கியது.

முடிச்சுப் போட்டாள். நிமிர்ந்தாள்.

"இருநூத்தி நாப்பது," என்றாள் சத்தமாக. பிறகு கைப்பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "சொல்லுங்க பெரிய மாமா."

காத்திருந்தாள். அவ்வளவு நேரம் அந்த வீட்டில் எந்தக் கையும் சும்மா இருந்ததில்லை. நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். உன் மெஷினுக்கு என்னம்மா ஆச்சு என்று. உன் மெஷின் என்று.

"ஒண்ணுமில்லம்மா. இந்தப் பக்கம் வந்தேன், சும்மா பாத்துட்டுப் போலாம்னு," என்றேன்.

திங்கட்கிழமை மீட்டரும் நானும் போனோம். வழியில் ஒரு புது ரப்பர் செருப்பு வாங்கி வெட்டி வைத்தோம். மெஷின் ஓடியது. மேலாளர் நூறு காயிலைச் சோதித்துவிட்டுச் சிரித்தார். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றார். "பெரியப்பாதான் கண்டுபிடிச்சாரு," என்றான் மீட்டர். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. எங்கள் வாசலில் எதுவும் இறங்கவில்லை. வீட்டு மானம் தப்பியது.

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் காலையில் போனேன். இம்முறை கேட்பதற்கு ஒன்றும் இல்லை, சொல்வதற்குத்தான் இருந்தது. செருப்பைத் தெருவிலேயே கழற்றினேன். வழியில் பத்து முறை சொல்லிப் பார்த்திருந்த ஒரே ஒரு வாக்கியம். அவள் சுற்றிக்கொண்டிருந்தாள். நின்றேன். காயில் முடிந்தது, முடிச்சு விழுந்தது. அவள் நிமிரவில்லை. எண்ணைச் சொல்லவில்லை. முடித்த காயிலைக் கழற்றிய அதே அசைவில் அடுத்ததற்குக் கம்பியை மாட்டினாள். உதடு ஒன்று, இரண்டு என்று தொடங்கிவிட்டது. அதுவும் முடிந்தது. அதற்கடுத்ததும். நான்கு காயில் நின்றேன்.

எண் வராமல் பேசக் கூடாது. எங்கள் அப்பா வைத்த விதி. என் வாயால் ஓர் எண்ணிக்கையை இரண்டாம் முறை குலைக்க எனக்குத் துணிவில்லை.

கால் மாற்றி நின்றபோது காலடியில் கிடந்த பலகை கிறீச்சிட்டது. நிலைப்படியில் இருந்த பாப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தது. என் கால்களையும் பார்த்தது, செருப்பு இல்லை. அதட்ட ஒன்றும் இல்லாமல், ஆள்காட்டி விரலை மெல்ல எடுத்து உதட்டின் மேல் வைத்தது.